வைக்கோலில் சர்க்கரை இருக்கிறதென்றால் காளான் பெட் ஏன் இனிப்பதில்லை?

சிப்பிக்காளான் வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வைக்கோலில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்கிறார்கள். காளான் அதை உடைத்துச் சர்க்கரையாக்கித்தான் தின்கிறது என்றும் படித்தேன். அப்படியென்றால் பழைய பெட்டை (காளான் வளர்க்கும் வைக்கோல் பையை) பிழிந்தால் வரும் தண்ணீர் ஏன் கொஞ்சம்கூட இனிப்பாக இல்லை? பூஞ்சையின் நொதியை மட்டும் வாங்கி வைக்கோலில் ஊற்றி நாமே சர்க்கரை எடுக்க முடியுமா?" பார்க்க இரண்டு கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான்: பூஞ்சை வெட்டி எடுக்கிற சர்க்கரை எங்கே போகிறது, அதை நடுவழியில் நாம் வாங்கிக்கொள்ள முடியுமா?

நான் நுண்ணுயிரியல் படித்தவன். முதல் சில ஆண்டுகள் ஆய்வகத்தில் பூஞ்சை வளர்த்து நொதி எடுக்கிற வேலை. அதற்கப்புறம் பதினைந்து ஆண்டுகளாகத் திருப்பூர் பக்கம் துணிப் பட்டறைகளுக்கு அதே வகை நொதியைச் சோதித்துக் கொடுக்கிற வேலை. காளான் வளர்ப்பில் உங்கள் கை அனுபவம் எனக்குக் கிடையாது; அந்தப் பக்கம் நான் சொல்வதில் பிசகிருந்தால் திருத்துங்கள். நொதி விஷயத்தில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் சோற்றையும் வைக்கோலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பயிர் தந்தவை. சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் குளுக்கோஸைக் கோத்த சங்கிலிதான், வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸைக் கோத்த சங்கிலிதான். மணி ஒன்றே, கோத்த விதம்தான் வேறு. மாவுச்சத்தில் எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்தபடி கோக்கப்பட்டிருக்கும். அதனால் சங்கிலி வளைந்து சுருளாகிவிடும். வேகவைத்தால் அதற்குள் தண்ணீர் புகுந்து ஊதிப்போகும். வெறும் சோற்றை விழுங்காமல் வாயில் வைத்து மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கத் தொடங்கும். எச்சிலில் இருக்கும் நொதியே அதை வெட்டிவிடுகிறது. செல்லுலோஸில் ஒரு மணி நிமிர்ந்திருந்தால் அடுத்தது கவிழ்ந்திருக்கும், அதற்கடுத்தது மறுபடி நிமிர்ந்திருக்கும். இப்படி மாற்றி மாற்றிக் கோத்ததால் சங்கிலி வளையாமல் நாடாபோல் நேராக நீளும். நேரான நாடாக்கள் தறியில் பாவு நூல் ஓடுவதுபோல் அருகருகே படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்த இறுக்கத்துக்குள் தண்ணீர்கூடப் போகாது. பருத்தி இழையில் ஒரு சங்கிலியில் பத்தாயிரம் குளுக்கோஸ் வரைகூட இருக்கும்.

இந்தப் பிணைப்பு எவ்வளவு உறுதி என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் வுல்ஃபெண்டன் குழுவினர் 1998-இல் வெளியிட்டது. நொதியும் அமிலமும் இல்லாமல், வெறும் தண்ணீரில், சாதாரண அறை வெப்பத்தில் இந்தக் கண்ணிகளில் பாதி அறுபட ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டு ஆகும். நம் ஓலைச்சுவடிகள் நூற்றாண்டுகள் தாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றை அழித்தது பெரும்பாலும் பூச்சியும் பூஞ்சையும்தான். உங்கள் பெட்டில் அந்த வேலை ஒன்றரை மாதத்தில் நடக்கிறது.

வைக்கோல் முழுக்க செல்லுலோஸ் கிடையாது. காய்ந்த வைக்கோலில் மூன்றில் ஒரு பங்கு, கூடிப்போனால் நூற்றுக்கு நாற்பது, செல்லுலோஸ். இன்னொரு இருபது, இருபத்தைந்து பங்கு ஹெமிசெல்லுலோஸ். இதுவும் சர்க்கரைச் சங்கிலிதான், ஆனால் பெரும்பகுதி சைலோஸ் என்ற வேறு சர்க்கரை. நீங்கள் படித்த "பாதிக்கு மேல்" என்ற கணக்கு இரண்டையும் சேர்த்தது, அது சரிதான். மிச்சத்தில் லிக்னின் இருக்கிறது, நெல்லுக்கே உரிய மணற்சத்தான சிலிக்கா இருக்கிறது. லிக்னின் சர்க்கரையே இல்லை. செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி ஊற்றிய பிசின் மாதிரி. நொதி என்பது ஒரு புரதம், அதற்கும் ஒரு பருமன் உண்டு. பதப்படுத்தாத வைக்கோலின் செல்சுவரில் இருக்கும் துளைகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. அதனால் நொதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாசலிலேயே நின்றுவிடும். உங்கள் சிப்பிக்காளான் வெண்மட்கல் பூஞ்சை வகை. லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளைக் கொண்டு முதலில் அந்தப் பிசினையே எரித்து வழி பண்ணிக்கொள்ளும். காளான் வித்து நன்றாக ஓடிப் பரவிய பெட்டில் வைக்கோல் நிறம் வெளுத்து மெதுவாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். லிக்னின் போன அடையாளம் அது.

இனி வெட்டுகிற வேலைக்கு வருவோம். பூஞ்சைக்கு வாயும் வயிறும் கிடையாது. நாம் சாப்பிட்டுவிட்டுச் செரிக்கிறோம். அது வெளியே செரித்துவிட்டுச் சாப்பிடுகிறது. இழை நுனியிலிருந்து நொதிகளை வெளியே விடும், கரைந்து வருவதை உறிஞ்சும். இதில் நமக்கு மிக அதிகம் தெரிந்த பூஞ்சை சிப்பிக்காளான் இல்லை, டிரைக்கோடெர்மா ரீசி என்ற ஒரு பச்சைப் பூசணம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகளும் பருத்திப் பட்டைகளும் மழையில் மட்கிக்கொண்டே இருந்தன. காரணம் தேடியவர்கள் சாலமன் தீவுத் தொடரில் உள்ள பூகன்வில் தீவில் கிடைத்த கூடாரத் துணியிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். கியூ.எம். 6ஏ என்று எண் போட்டு வைத்தார்கள். எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும் அமெரிக்கப் படையின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் அதைப் பிடித்து வேலை செய்தார்கள். துணியைக் காப்பாற்ற ஆரம்பித்த ஆராய்ச்சி, துணியைத் தின்னும் நொதியைப் பயன்படுத்துவது எப்படி என்று திரும்பியது. முதலில் அதை டிரைக்கோடெர்மா விரிடி என்றே நினைத்தார்கள். வேறு இனம் என்று தெரிந்ததும் 1977-இல் ரீஸின் பெயரையே வைத்தார்கள். இன்று உலகில் செல்லுலேஸ் என்ற, செல்லுலோஸை வெட்டும் நொதிக்காக வளர்க்கப்படும் டிரைக்கோடெர்மா ரீசி வகைகள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு கூடாரத் துணியின் வாரிசுகள்.

இங்கே உங்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். உரக்கடையில் டிரைக்கோடெர்மா விரிடி என்று பாக்கெட் கிடைக்கும். அது வேரழுகல் நோய்க்குத் தொழுவுரத்தோடு கலந்து போடுவதற்கு. "இதுவும் வைக்கோலைத் தின்னுமாமே" என்று காளான் கொட்டகைக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். பெட்டில் வரும் பச்சைப் பூசணத்தின் உறவுக்காரப் பூஞ்சைதான் அது. கொட்டகைக்குள் அதன் வித்து பறந்தால் உங்கள் வெள்ளாமை போய்விடும்.

சரி, வெட்டு எப்படி நடக்கிறது? மூன்று விதமான ஆட்கள் வேண்டும். முதல் வகை எண்டோகுளுக்கனேஸ். இழையில் இறுக்கம் குறைந்த, கலைந்து கிடக்கும் இடமாகப் பார்த்துச் சங்கிலியை நடுவில் வெட்டும். ஒரு வெட்டு விழுந்தால் இரண்டு புதிய நுனி கிடைக்கும். இரண்டாவது வகைக்குச் செல்லோபயோஹைட்ரோலேஸ் என்று பெயர். முக்கால்வாசி உழைப்பு இதனுடையதுதான். இது நுனியைத்தான் தேடும். டிரைக்கோடெர்மாவிடம் இதில் இரண்டு உண்டு, ஒன்று சங்கிலியின் ஒரு முனையிலிருந்து தின்றுகொண்டு வரும், மற்றது எதிர்முனையிலிருந்து. மூன்றாவது வகை பீட்டா குளுக்கோசிடேஸ். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது ஆளைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். செல் 7ஏ என்பது அதில் ஒன்றின் பெயர். டிரைக்கோடெர்மா வெளியே விடும் புரதத்தில் ஏறக்குறைய பாதி இதுவே. உடல் ஒன்று, வால் ஒன்று. வாலின் நுனியில் செல்லுலோஸ்மேல் ஒட்டிக்கொள்ள ஒரு சின்னப் பாதம். உடலுக்குள் சுமார் 5 நானோமீட்டர் நீளத்துக்கு ஒரு குகை. செல்லுலோஸ் சங்கிலியின் நுனியைப் படுகையிலிருந்து கிளப்பி, ஊசிக்குள் நூல் கோப்பதுபோல் அந்தக் குகைக்குள் இழுக்கும். உள்ளே ஒன்பது பத்து குளுக்கோஸ் நுழைந்து வரிசையாக உட்காரும். குகையின் கோடியில் குளுட்டாமிக் அமிலம் இரண்டு எதிரெதிரே காத்திருக்கின்றன. ஒன்று கண்ணிக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்துத் தளர்த்தும். மற்றொன்று மறுபக்கமிருந்து தாக்கிச் சங்கிலியைத் தற்காலிகமாகத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். பிறகு ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அந்த ஒட்டலை விடுவிக்கும். இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த துண்டாக ஒன்று வெளியே விழும். அதுதான் செல்லோபயோஸ். உடனே சங்கிலியை இரண்டு மணி தூரம் உள்ளே இழுத்து அடுத்த வெட்டு. மணி ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் இருப்பதால்தான் இரண்டிரண்டாக வெட்டுகிறது. ஒன்று விட்டு ஒன்றுதான் வெட்டுமுனைக்குச் சரியான பக்கம் காட்டும்.

இதெல்லாம் ஊகம் இல்லை. குகையின் அமைப்பை ஸ்வீடனில் உப்சாலாவில் 1994-இலேயே படிக எக்ஸ்ரே மூலம் கண்டார்கள். ஜப்பானில் இகாராஷி குழுவினர் அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் இந்த நொதிகள் செல்லுலோஸ் இழைமேல் நகர்வதையே படமெடுத்தார்கள். அவர்களது 2011 ஆய்வில் வந்த வேகம் விநாடிக்குச் சுமார் 7 நானோமீட்டர். ஒரு செல்லோபயோஸின் நீளம் சுமார் 1 நானோமீட்டர், ஆக விநாடிக்கு ஏழு வெட்டு. பத்தாயிரம் குளுக்கோஸ் உள்ள ஒரு பருத்திச் சங்கிலியைத் தடையே இல்லாமல் தின்று முடிக்க 12 நிமிடம் என்று கணக்கு வரும். ஆனால் தடையில்லாமல் போவதே கிடையாது. அதே படத்தில் ஒரு நொதி ஏதோ மேட்டில் மாட்டி நின்றுவிட, பின்னால் வருகிறவை வரிசையாக முட்டி நிற்கின்றன. பல்லடம் ரோட்டில் லாரி நின்றுவிட்டால் எப்படியோ அப்படி. கொஞ்ச நேரத்தில் அந்த மேடு கரைந்ததும் மொத்த வரிசையும் ஒன்றாகக் கிளம்புகிறது. முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது, நான் பல ஆண்டுகள் சோதனைக்குழாயில் நிறமாக மட்டுமே பார்த்த ஒன்று இப்படி நடந்து போகிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

சோதனைக்குழாயில் அது எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன், நீங்களும் கற்பனை செய்துகொள்ளலாம். வடிதாளை ஒரு சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினால் சுமார் 50 மில்லிகிராம். அதைச் சுருட்டிக் குழாயில் போட்டு, லேசான புளிப்புள்ள கரைசலில், அதாவது பி.எச். 4.8-இல், நொதி விட்டு, 50 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு காகிதத்தின் ஓரம் கூர்மை இழக்கும், பஞ்சு மாதிரி ஆகும், குழாயை ஆட்டினால் நார் நாராகப் பிரியும். நேரம் முடிந்ததும் டி.என்.எஸ். என்ற மஞ்சள் கரைசல் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரை வந்திருக்கும் அளவுக்கு மஞ்சள் போய்ச் செங்கல் நிறம் ஏறும். உலகம் முழுக்க செல்லுலேஸின் சக்தியை இந்த முறையில்தான் அளந்து வந்திருக்கிறார்கள். இதற்கான சர்வதேச நெறிமுறையை 1987-இல் எழுதி வெளியிட்டவர் டெல்லி ஐ.ஐ.டி.யில் இருந்த டி. கே. கோஷ். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் கையில் கொடுத்த முதல் தாள் அதுதான்.

இப்போது மூன்றாவது ஆள். செல்லோபயோஸ் நமக்குச் சர்க்கரையாகவே படாது, இனிப்பு மிகக் குறைவு. அதை இரண்டாக உடைத்துக் குளுக்கோஸ் ஆக்குவது பீட்டா குளுக்கோசிடேஸ். இந்த ஆள் டிரைக்கோடெர்மாவிடம் குறைவு. இருப்பதிலும் ஒரு பங்கு பூஞ்சையின் செல்சுவரை ஒட்டியே தங்கிவிடுகிறது. அதாவது கடைசி வெட்டு வாசற்படியிலேயே நடக்கிறது. இன்னொரு பூஞ்சையான நியூரோஸ்போரா செல்லோபயோஸையே அப்படியே உள்ளே இழுத்து, செல்லுக்குள் வைத்து உடைக்கும். அதற்கான தனி வாயில் புரதங்களையே கண்டுபிடித்திருக்கிறார்கள். எப்படியானாலும் குளுக்கோஸாக வெளியே சிதறிக் கிடப்பது சொற்பம். ஈரமான வைக்கோலில் குளுக்கோஸைத் திறந்துபோட்டால் சுற்றியிருக்கும் பாக்டீரியா எல்லாம் பந்திக்கு வந்துவிடும். கைக்கு எட்டும் தூரத்தில் மட்டும் வெட்டிச் சாப்பிடுகிற பூஞ்சைதான் பிழைக்கும்.

அதற்கு மேல் இரண்டு பூட்டு இருக்கிறது. செல்லோபயோஸ் சேர்ந்துவிட்டால் அது குகையின் கோடியிலேயே உட்கார்ந்துகொண்டு இரண்டாவது ஆளை நிறுத்திவிடும். குளுக்கோஸ் சேர்ந்துவிட்டால் மூன்றாவது ஆள் நின்றுவிடும். இது முதல் பூட்டு. இரண்டாவது பூட்டு பூஞ்சையின் மரபணுவில் இருக்கிறது. வெளியே குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கிறதென்று தெரிந்தால், கிரெ 1 என்ற புரதம் செல்லுலேஸ் தயாரிப்பையே அமுக்கிவிடும். சுலபமான சாப்பாடு இருக்கும்போது விலை உயர்ந்த நொதியை எதற்குச் செலவழிக்க வேண்டும்? எனவே உங்கள் பெட் இனிக்காததற்குக் காரணம் இதுதான்: சர்க்கரை வருகிறது, வருகிற வேகத்திலேயே குடிக்கப்படுகிறது, மிஞ்சினால் வெட்டுவதே நின்றுவிடுகிறது. காளானாகவும் மூச்சில் போகும் கரியமில வாயுவாகவும் சூடாகவும் அந்தச் சர்க்கரை உங்கள் கண்முன்னாலேயே வெளியே போகிறது. நான் டிரைக்கோடெர்மாவில் சொன்ன இந்த ஏற்பாட்டின் நுணுக்கங்கள் சிப்பிக்காளானில் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டும் ஆட்கள், உறிஞ்சும் வழி, மிஞ்சினால் அமுக்கும் பிரேக் என்ற பெரிய சித்திரம் பொருந்தும்.

தொழிலுக்கு வேண்டிய பூஞ்சையை உண்டாக்கியதும் இந்த பிரேக்கை உடைத்துத்தான். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பி. எஸ். மாண்டனகோர்ட், டக்ளஸ் எவ்லி இருவரும் கூடாரத் துணிப் பூஞ்சையின் வாரிசுகளைத் திரும்பத் திரும்ப மரபு மாற்றத்துக்கு உட்படுத்தி, ரட் சி-30 என்ற வகையைப் பிரித்தார்கள். அதற்குக் குளுக்கோஸ் இருந்தாலும் நொதி விடுவது நிற்காது. ஏன் என்று பிற்பாடு பார்த்தபோது அதில் கிரெ 1 மரபணு பாதியில் துண்டாகியிருந்தது. 2008-இல் மூலப் பூஞ்சையின் முழு மரபுத்தொகுதியையும் படித்தபோது இன்னொரு வியப்பு: செல்லுலோஸ் வெட்டும் மரபணுக்கள் அதனிடம் மற்ற மட்கல் பூஞ்சைகளைவிடக் குறைவு. கருவி கொஞ்சம்தான், கொட்டுகிற அளவுதான் அதிகம். இன்றைய தொழிற்சாலை வகைகள் ஒரு லிட்டர் வளர்ப்புக் கரைசலில் 100 கிராமுக்கு மேல் புரதம் விடுகின்றன.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி விவாதத்தில் இருப்பவை. தண்ணீரில் கரையாத செல்லுலோஸ் வெளியே கிடப்பது பூஞ்சைக்கு எப்படித் தெரிகிறது? எப்போதும் கொஞ்சம் நொதி கசிந்துகொண்டே இருக்கிறது, அது வெட்டிய துண்டு உள்ளே போய்ச் சேதி சொல்கிறது என்பது பொதுவான விளக்கம். சோஃபோரோஸ் என்ற ஒரு சர்க்கரையை மிகச் சிறிதளவு கொடுத்தாலே டிரைக்கோடெர்மா நொதியைக் கொட்டுகிறது என்று மேண்டல்ஸும் ரீஸும் 1962-இலேயே காட்டினார்கள். ஆனால் இயற்கையில் அந்தச் சேதியைக் கொண்டுபோவது சோஃபோரோஸ்தானா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. அடுத்தது, வெட்டும் வேகம் ஏன் போகப் போகக் குறைகிறது என்பது. முதல் பாதி செல்லுலோஸ் ஒரு நாளில் கரைந்தால் மறுபாதி பல நாள் இழுக்கும். மிச்சம் இருப்பது கடினமான பகுதி என்பார்கள் சிலர், நொதிகள் மாட்டி நிற்கின்றன என்பார்கள் சிலர், லிக்னின் நொதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பார்கள் சிலர். என் அனுபவத்தில் சரக்குக்குச் சரக்கு காரணம் மாறுகிறது. ஒரே பதில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

மூன்றாவது விவாதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நான் படிக்கும் காலத்தில் மேலே சொன்ன மூன்று ஆட்களோடு பாடம் முடிந்துவிடும். 2010-இல் நார்வேயிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. தண்ணீரைக் கொண்டு வெட்டாமல், ஆக்சிஜனேற்றத்தால் வெட்டுகிற புதிய வகை நொதி; முதலில் நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டின்மேல் காட்டினார்கள், அடுத்த ஆண்டுக்குள் பூஞ்சைகளிடம் செல்லுலோஸ்மேல் இதே வேலை செய்பவை இருப்பது உறுதியானது. எல்.பி.எம்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நடுவில் ஒரு தாமிர அணு. இதற்குக் குகை கிடையாது, முகம் தட்டை. அதனால் சங்கிலியைக் கிளப்பத் தேவையில்லாமல் இறுக்கமான படுகையின் மேலேயே உட்கார்ந்து கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில் மற்ற நொதிகளுக்கு நுனி கிடைக்கும். பல ஆண்டுகளாக "வேறொரு குடும்ப நொதி" என்று தவறாகப் பெயரிட்டு அலமாரியில் கிடந்த புரதங்கள்தான் இவை. இது ஆக்சிஜனை நேராகப் பயன்படுத்துகிறதா, ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் பயன்படுத்துகிறதா என்று 2017-இலிருந்து பலமான வாதம். பெராக்சைடு பக்கம் கை ஓங்கியிருக்கிறது. ஆனாலும் மட்கும் வைக்கோலுக்குள் உண்மையில் எது எவ்வளவு நடக்கிறது என்று அளந்து சொல்வது கடினம். வீட்டு நிலைச்சட்டத்தை உளுத்துப்போக வைக்கும் பழுப்பு மட்கல் பூஞ்சைகள் இன்னும் ஒரு படி மேலே போய், நொதி நுழைய முடியாத இடத்துக்கு இரும்பையும் பெராக்சைடையும் அனுப்பி, அங்கே பிறக்கும் தீவிரமான ஹைட்ராக்சில் வேதித்துகள்களால் மரத்தை உள்ளிருந்து நொறுக்குகின்றன. மரம் சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் அழுத்தினால் பொடியாவது அதனால்தான்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி: நாமே எடுக்க முடியுமா? முடியும், 1819-இலேயே பிரான்சில் பிரக்கானோ என்பவர் பழைய லினன் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். அமிலம் சர்க்கரையையும் சேர்த்துக் கெடுக்கும், அதனால்தான் நொதிக்கு மவுசு. கணக்கு ஆசை காட்டும்: ஒரு டன் வைக்கோலில் 350 கிலோ செல்லுலோஸ் என்று வையுங்கள். வெட்டும்போது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு தண்ணீர் சேர்வதால் குளுக்கோஸ் 389 கிலோ வரும்; மூலப்பொருளைவிட எடை கூடும். அதை முழுதாகப் புளிக்கவைத்தால் சுமார் 250 லிட்டர் எத்தனால். ஹரியானாவில் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலைக்கு அறிவித்த அளவு ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர், அதாவது டன்னுக்கு 150 லிட்டர். ஆலைச் செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். லிக்னினைத் தளர்த்த அழுத்த நீராவியில் வேகவைப்பது, டன் கணக்கில் நொதி, பெரிய கலக்குத் தொட்டிகள் எல்லாம் வேண்டும். வீட்டில் வைக்கோலில் நொதி ஊற்றிச் சர்க்கரை எடுப்பது கட்டுப்படியாகாது, வருவதும் தின்னத் தகுந்ததாக இருக்காது. கரும்பு தன் சர்க்கரையைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. வைக்கோல் அதைச் சுவராகக் கட்டிவிட்டது.

நம் ஊரில் இந்த நொதி தினமும் வேலை செய்கிற இடம் ஒன்று உண்டு, திருப்பூர் பனியன் துணி. "பயோ வாஷ்" என்று டி-சர்ட் அட்டையில் போட்டிருப்பார்களே, அது இதுதான். புதுப் பின்னல் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மேலே பூனைமயிர் மாதிரி நார் நீட்டிக்கொண்டிருக்கும். 50, 55 டிகிரியில், லேசான புளிப்பில், முக்கால் மணி நேரம் நொதியில் ஓட்டினால் அந்த நார் அறுந்து தண்ணீரோடு போய்விடும், துணி வழவழப்பாகும். துணி அதற்கு விலையாகத் தன் எடையில் நூற்றுக்கு மூன்று, நான்கு கொடுக்கும். பிறகு 80 டிகிரிக்கு ஏற்றி நொதியைச் சாகடிக்க வேண்டும். ஒரு பட்டறையில் இரவு ஷிப்டில் நீராவி நின்றுபோய், அந்தச் சூடேற்றல் நடக்காமலே துணியை இறக்கி ஈரமாகக் குவித்துவிட்டார்கள். காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். துணி பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், காகிதம்போல் கிழிந்தது. பூஞ்சை பக்கத்தில் இல்லை, குடிக்க ஆளில்லை, வெட்டுகிறவர்கள் மட்டும் இரவெல்லாம் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

உங்களுக்குக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பயோ வாஷ் பொடியிலேயே, அமில வகையில், சின்னச் சோதனை செய்யலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். நொதிப் பொடியை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஆஸ்துமாபோல் ஒவ்வாமை வரும். இரண்டு சின்னப் பாட்டிலில் நூறு நூறு மில்லி தண்ணீர், சில சொட்டு வினிகர், ஒரே அளவு பொடி. ஒன்றில் மட்டும் இரண்டு கிராம் டிஷ்யூ காகிதம் கிழித்துப் போடுங்கள். இரண்டையும் 50 டிகிரி வெந்நீர் ஊற்றிய ஹாட்பாக்சுக்குள் இரவு முழுக்க வைத்து, காலையில் மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டையை நனைத்துப் பாருங்கள். குடித்துப் பார்க்க வேண்டாம். காகிதம் போடாத பாட்டிலிலும் நிறம் மாறினால் பொடியிலேயே சர்க்கரை கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதைவிடக் காகிதப் பாட்டிலில் எவ்வளவு கூடுதலாக ஏறியிருக்கிறதோ, அதுதான் காகிதத்திலிருந்து வந்தது.